எடைச்சீட்டு

காவேரிப்பட்டணம் என்று பேர்.
காவிரி இங்கே இல்லை. ஓடுவது தென்பெண்ணை,
அதுவும் ஓடுகிற மாதங்களில்.
பட்டணத்துக்கு வேண்டிய கடலும் இல்லை.
இருந்தும் ஏழு வருஷம் முன்பு
கடல் வருகிறது என்றார்கள்.
மேற்கே ஒரு துறைமுகம், கிழக்கே ஒரு துறைமுகம்,
நடுவில் நாம்.
அளக்க வந்தவர்
எங்கள் கிணற்றுக்குப் பக்கத்துப் பாறையில்
மஞ்சள் பெயிண்டால் ஓர் எண் எழுதினார்.
எண் இருக்கிறது.
கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள்.

எனக்கு எடைமேடையில் ராத்திரி வேலை.
ஜல்லி, எம்சாண்ட், மாங்கூழ் டிரம்,
மெருகேற்றாத கருங்கல் பாளம்,
எல்லாம் என் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று
எண்ணாகிப் போகும்.
வந்த எடை, காலி எடை, நிகர எடை.
இந்தச் சாலைக்காக உடைந்த குன்றில்
முக்கால்வாசி என் கையெழுத்தில் போனது,
இருநூற்றுப் பதினான்காவது தூண் வரைக்கும்.
அப்புறம் கம்பெனி திவால்.
அடுத்த தூணுக்கு முளைத்த கம்பிகள் மட்டும்
துருப்பிடித்து நிற்கின்றன.
மேலே பாலம்
பேச வந்தவன் பாதியில் மறந்தமாதிரி
அந்தரத்தில் நின்றுவிட்டது.

மழை ஏமாற்றிய ஓர் ஐப்பசி நடுச்சாமம்.
போன் காட்டிய வழியில் மேலேறிப் போய்
மண்மேட்டில் முட்டி நின்றது ஒரு மீன்வண்டி.
டிரைவர் உமரப்பா, மங்களூர்க்காரர்,
டார்ச் அடித்துக்கொண்டு நடந்து வந்தார்.
முக்கால் கன்னடம், கால் தமிழ்.
"மேடம், ரோடு எங்கே?"
ஏழு வருஷத்தில்
யாரும் அதை அவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

ரிவர்ஸிலேயே இறக்கினார், ஒரு மணிநேரம்.
கிளட்ச் கருகிய வாசனை, அதற்குமேல் மத்தி வாசனை.
"எடை போடுங்கள். லேட்டானால்
மீனைத் திருடினேன் என்பான் ஓனர்."
பதினாறாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ.
சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு
பாலத்தடியில் வண்டியை ஓரங்கட்டிப் படுத்தார்.
இரவெல்லாம் கேட்டது
பின்கதவு இடுக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக.
குழாய் சரியாக மூடவில்லையோ என்று
இரண்டுமுறை எழுந்து பார்த்தேன்.

பாலக்கோட்டிலிருந்து மெக்கானிக் வந்து முடிக்க
பகல் பதினொன்று. ஷிப்ட் முடிந்தும் நான் போகவில்லை.
மறுபடி ஏற்றினார்.
பதினைந்தாயிரத்து எண்ணூற்று எழுபது.

போனில் ஓனர் கத்தியது எனக்கே கேட்டது.
முந்நூற்று எழுபது கிலோ எங்கே?
உமரப்பா போனை என்னிடம் நீட்டினார்.
"தண்ணியாப் போச்சுங்க" என்றேன்.
கேலி செய்வதாக நினைத்திருப்பார், வைத்துவிட்டார்.

இரண்டாவது சீட்டு அடிக்கும்போது
கம்ப்யூட்டர் 'பொருள்' என்ன என்று கேட்டது.
ராத்திரி தூக்கக் கலக்கத்தில் 'ஜல்லி' என்று அடித்திருக்கிறேன்.
அவரும் பார்க்கவில்லை.
பட்டியலில் இருப்பது மொத்தம் ஐந்து,
ஐந்தாவது 'இதர'.
அதை அழுத்தினேன்.

வண்டி போனபின்
பாலத்தடியிலிருந்து மேடைவரை
ஒரு வெள்ளைக் கோடு காய்ந்து கிடந்தது.
மாதம்மாவின் ஆடுகள் அதில் வரிசையாகத் தலைகுனிந்து
சிமெண்டை நக்கிக்கொண்டிருந்தன.
அவள் நிலத்தில்தான் நிற்கின்றன ஆறு தூண்கள்.
பாதிப் பணம் வந்தது, மீதி கோர்ட்டில்.
கோலால் தட்டினாள், ஒன்றும் நகரவில்லை.

"என்னாத்த இப்பிடி நக்குதுங்க?"

"கடல்" என்றேன்.

கொஞ்சநேரம் அந்தக் கோட்டையே பார்த்தாள்.
பிறகு அண்ணாந்து
பாலத்தின் அறுந்த முனையை.

"அப்ப வந்துட்ச்சா" என்றாள்.

பின்னால் ஹார்ன்.
பகல் ஆள் இன்னும் வரவில்லை.
ஜல்லிதான். வந்த எடை போட்டேன்.